எல்வி ஹார்யுவின் இடது கை

டுலூத்
பிப்ரவரி 11, 1974

மதிப்புக்குரிய சிக்னே ஹார்யு அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் அம்மா எல்வி ஆறு வாரமாக எங்கள் மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறார். பக்கவாதம், இடப்பக்கம் விழுந்துவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவருடைய பைபிளுக்குள் நீங்கள் எப்போதோ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை இருந்தது, முகவரியோடு. தலைமை நர்ஸுக்குத் தெரிந்தால் என் உரிமம் போய்விடும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் எல்.பி.என்., அதாவது உதவி நர்ஸ். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது என் பாடு. நோயாளிக்கு என்ன என்று முடிவு கட்டுவதெல்லாம் பெரிய நர்ஸின் வேலை. பார்த்ததையும் கேட்டதையும் சொல் மாறாமல் குறிப்பேட்டில் எழுதினால் என் கடமை முடிந்தது. அதையே உங்களுக்கும் செய்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது இடப்பக்கம் என்று ஒன்று கிடையாது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று என்னிடம் சண்டைக்கு வருவார். இடப்பக்கம் நின்று பேசினால் ஆள் இருப்பதே தெரியாது. தன் இடது கை தன்னுடையது இல்லை என்கிறார். இந்த நோயில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. போன வருடம் ஒரு மரவெட்டி, எவனோ தன் படுக்கையில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். உங்கள் அம்மா தள்ளுவதில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொடுக்கிறார். யாருடைய கை என்று கேட்டேன்.

"என் பொண்ணு சிக்னேயோடது. பதினோரு வயசு. மெதுவா பேசு, தூங்குறா" என்றார்.

ஒருமுறை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
லோர்னா பெட்ரிச்

டகோமா
பிப்ரவரி 19

அன்புள்ள திருமதி பெட்ரிச்,

உங்களுக்கு இளகிய மனது. எனக்கு இல்லை. நான் வர மாட்டேன்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து என் தம்பி ஆர்வோ மூழ்கிப்போனான். அவனுக்கு ஆறு வயது. கரையில் நின்று அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். சவுனாவுக்கு, எங்கள் நீராவிக் குளியலறைக்கு, விறகு அடுக்க வா என்று அம்மா கூப்பிட்டதால்தான் போனேன். அம்மாவோ, நான் கூப்பிடவே இல்லை, இவளாகத்தான் தம்பியை விட்டுவிட்டு வந்தாள் என்று ஊர் பூராவும் சொன்னாள். முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. சொன்னதையே சொல்லிச் சொல்லி, அவள் கூப்பிட்டாளா இல்லையா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்த ஒன்று தெரிந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். அவள் வாயிலிருந்து அது வராது.

கையைக் கொஞ்சிக்கொண்டு கிடக்கட்டும்.

சிக்னே ஹார்யு

டுலூத்
மார்ச் 2

அன்புள்ள சிக்னே,

வந்துவிட்டது.

நேற்றுக் காலை குளிப்பாட்ட உட்கார்ந்தேன். வலப்பக்கம் முடித்துவிட்டு அந்தக் கையைத் தூக்கினேன். சில்லென்றிருந்தது, விரலிடுக்கில் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கம் நான் துணியே வைக்கவில்லை. 'வியர்வை' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? அப்போது உங்கள் அம்மா அந்தக் கையிடம் பேசினார். சொல் மாறாமல் தருகிறேன்:

"நான்தாண்டி உன்னை விறகு அடுக்கக் கூப்பிட்டேன். நீயா வரலை. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்னு பயந்து உன் தலையில போட்டுட்டேன்."

டாக்டர் அசையவே அசையாது என்று சொன்ன அந்த விரல்கள் அவருடைய வலது கையை இறுக்கிப் பிடித்தன. இருபத்தாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நான் பயந்துவிட்டேன்.

சீக்கிரம் வாருங்கள். சிகிச்சைப் பெண் தினமும் அவரைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, இது உங்கள் கைதான் என்று பழக்குகிறாள். கெட்டிக்காரி. ஜெயித்துவிடுவாள். அப்புறம் அந்தக் கையிடம் பேச அவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

லோர்னா

டகோமா
மார்ச் 8

அன்புள்ள லோர்னா,

பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். முந்நூறு பிள்ளைகளுக்கான சூப் அடிப்பிடித்துவிட்டது.

22ஆம் தேதிதான் விடுப்பு தருகிறார்கள். அன்றே பஸ் ஏறுகிறேன். அதுவரை அந்தக் கெட்டிக்காரியைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். அம்மா சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். மன்னிப்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் யோசித்துக்கொள்கிறேன்.

உங்கள்,
சிக்னே

டுலூத்
மார்ச் 15

அன்புள்ள சிக்னே,

தப்புச் செய்துவிட்டேன். திட்டுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் தலையணையை மாற்ற அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "என் மேல இன்னும் கோவமாடி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இல்ல" என்று நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை சிகிச்சைப் பெண் கையைக் காட்டி, யாருடையது என்று கேட்டாள். "என்னுதுதான். அவ போயிட்டா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டிய மன்னிப்பை எடுத்து நான் கொடுத்துவிட்டேன்.

லோர்னா

டகோமா
மார்ச் 29

லோர்னா,

நீங்கள் விடுமுறையில் இருந்த அன்று வந்து அம்மாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. நரைத்துவிட்டாயே என்றாள். மூன்று பகல் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன். அம்மா சலித்துக்கொண்டாள்.

"நான்தான் கூப்பிட்டேன். எத்தனை தடவை சொல்றது? அன்னிக்கே பேசி முடிச்சாச்சே. நீயும்தான் சொன்னே, விறகு அடுக்கறப்ப அவன் ரெண்டு தரம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டுச்சுன்னு. விளையாடறான்னு நினைச்சுப் போகலைன்னு. போகட்டும், அழாதேன்னு சொன்னேனே."

லோர்னா, அது உண்மை. அவன் கூப்பிட்டான். இரண்டு தரம். நான் யாரிடமும் சொன்னதில்லை; பாதிரியாரிடம்கூட இல்லை. கேட்ட எனக்குத் தெரியும், கூப்பிட்டவனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன். அன்றைக்கு அவளிடம் நீங்கள் என்னவெல்லாம் சொன்னீர்கள்? குறிப்பேட்டில் எழுதுவது போலவே எழுதுங்கள்.

சிக்னே

டுலூத்
ஏப்ரல் 6

அன்புள்ள சிக்னே,

நான் சொன்னது ஒரே வார்த்தைதான். "இல்ல."

சொல்லிவிட்டு மாத்திரைத் தட்டை எடுக்கப் போனேன். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் அம்மா அந்த உள்ளங்கையைக் காதோடு வைத்து, தலையை ஆட்டியபடி இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "சும்மா இரு, அவ இன்னும் முடிக்கலை" என்றார். நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதைக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை, உங்களுக்கும் எழுதவில்லை. பயம்தான் காரணம், மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆறு வயதுப் பையன் கூப்பிடுவது யாருக்கும் விளையாட்டாகத்தான் கேட்கும். நீங்களும் அன்று குழந்தைதான்.

உங்கள் கோட்டு என் அலமாரியில் இருக்கிறது. 19ஆம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். உங்களுக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால்தான் இன்றே இதைத் தபாலில் போடுகிறேன். ஆனால் உங்கள் அம்மா இன்று காலையிலேயே தலைவாரி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "என் பொண்ணு. சொல்லிட்டேன், வரேன்னுட்டா" என்றார்.

எந்தப் பெண் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லோர்னா