அத்தானின் தாளம்

மார்ச் 6
அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவருடைய ஓட்டல் ஜாஸ் குழுவில் சனிக்கிழமை டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. "நீயே போடா. பழைய ரெக்கார்டுல இருக்கற லிக்கெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடமாச்சே" என்றார். லிக் என்பது கைமாறிக் கைமாறி வந்த சின்னத் தாளத் துணுக்கு. தலையணையில் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டவன் நான்.

மார்ச் 8
ரெக்கார்டு லிக்குகளை வரிசையாக எடுத்துவிட்டேன். சாப்பிட வந்தவர்கள் ஒருவரும் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் கை தானாக அத்தானின் சொந்த லிக்குக்குப் போனது. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் ஒரு உருட்டல், ஒரு மௌனம், சிம்பல் தட்டில் ஒரே அறை. வீட்டில் மாதக்கணக்காகச் செதுக்கியது. மேடைக்கு இன்னும் கொண்டுவராதது. எனக்கு மட்டும் காட்டியிருந்தார்.
கைதட்டல். பியானோக்காரர், "பிரமாதம்பா! உன்னோடதா?" என்றார்.
"ஆமா சார்."
ஏன்டா அப்படிச் சொன்னே?

மார்ச் 9
அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தானுக்கு அக்கா ஊட்டிவிட்டாள். "எப்படிடா போச்சு?" என்றார். "சுமாரா." தட்டைக் கழுவ எழுந்து போனேன்.

மார்ச் 18
எலும்பு சரியாகக் கூடவில்லையாம். அக்கா போனில் அழுதாள். எனக்குள் சின்னதாக ஒரு நிம்மதி — இன்னும் சில சனிக்கிழமைகள் எனக்கு. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 20
அத்தானின் லிக்கை மாற்றிப் பார்க்கிறேன். இடது கையில் தொடங்கி, மௌனத்தை முன்னால் தள்ளி, சிம்பலுக்குப் பதில் பெரிய டிரம். திருடின சட்டைக்குச் சாயம் போட்டா நம்ம சட்டை ஆயிடுமா?

மார்ச் 29
கையில் கட்டோடு அத்தான் முன்வரிசையில்! பயத்தில் மாற்றியதெல்லாம் மறந்து, அச்சு அசலாக அவருடையதே வந்தது. பியானோக்காரர் வேறு அவரிடமே, "பாத்தீங்களா, உங்க மச்சினன் சொந்தமா பண்ணது!" என்றார். அத்தான் அவரைப் பார்த்துச் சிரித்துவைத்தார்.
வெளியே வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்: "எடுத்துக்கிட்டது தப்பில்லடா. நானும் நாலு பேர்கிட்ட எடுத்தவன்தான். யார்கிட்டன்னு சொல்லாம விட்டே பாரு, அதுதான்."
நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மார்ச் 30
பியானோக்காரர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். "அடப்பாவி" என்றார். அவ்வளவுதான்.

மே 17
அத்தானுக்கு மணிக்கட்டு இனி முழுசாகத் திரும்பாது. மெதுவான பாட்டுகளுக்கு அவர் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ் பிடிக்கிறார், வேகமானவை எனக்கு. இன்று இடது கையில் தொடங்கி, மாற்றி வைத்திருந்த அந்த லிக்கை வாசித்தேன், தடுமாறாமல்.
இறங்கி வந்ததும், "நல்லா இருந்துச்சே! எங்க எடுத்தே?" என்றார்.
"உங்ககிட்டதான் அத்தான்."
விரல்களால் மேஜையில் மெல்லத் தட்டிப் பார்த்தார்.
"என்கிட்டயா? தெரியலையேடா."