புட்டுப்பானை மேல் போட்ட பழி

லா சப்பல், பாரிஸ்
02.03.2025, ஞாயிறு

அன்பு மகள் தயாளினிக்கு,

நானும் அப்பாவும் சுகம், சுகமில்லாதது எங்கள் சுவர் ஒன்றுதான். ரொறொன்ரோக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் நலமாயிருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன், சின்னவளைக் காது மூடும் தொப்பி போடாமல் வெளியே விடாதே. போன ஞாயிறு தொலைபேசியில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், கோபத்தில் தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நீயோ, கட்டடக் கொம்பனி அனுப்பின கடதாசியிலை கையெழுத்தை வைச்சிட்டு கூசேன்வில்லிலை மாமா வீட்டுக்குப் பக்கத்திலை போயிருங்கோ அம்மா, பொம்பிளையள் நாலு பேர் கலண்டர்த் தாளிலை எழுதிறதை ஆராய்ச்சியெண்டு ஆர் எடுப்பினம் என்று கேட்டாய். நான் கையெழுத்துப் போடமாட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடதாசியை மேல்மாடிப் பிரெஞ்சுக்காரர் மெசியு எமில் வரிவரியாக வாசித்துச் சொன்னார். நம் கட்டடத்தில் சுவர் நனைவதும் பூஞ்சணம் பிடிப்பதும் தமிழர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புட்டும் இடியப்பமும் அவிப்பதால்தானாம். அதை ஒப்புக்கொண்டு, இனி ஆவியில் சமைக்கமாட்டோம், சுவரை நாங்களே துடைத்துப் பெயின்ற் அடிப்போம் என்று கையெழுத்திட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்களாம். கட்டடத்தைப் பராமரிக்கும் கொம்பனிக்காரர் ஒருநாள்கூட எங்கள் சுவரில் கை வைத்துப் பார்த்ததில்லை. பிழை எங்களிலும் உண்டு, மூன்று வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை படிவத்தோடு வந்து வீடு எப்படி என்று கேட்டபோது, நான் தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்து, எல்லாம் நல்லம், ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினேன். எல்லா வீட்டிலும் அதே பதில், ஏனென்றால் படிவத்தைக் கண்டாலே எங்களுக்கு அகதி விசாரணை ஞாபகம் வந்துவிடும். அந்தப் பிள்ளை என்ன செய்யும், தமிழருக்கு வீட்டில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டது.

அதனால்தான் இந்தமுறை நாங்களே கேட்பது என்று கார்த்திகை மாதம் நான் கொப்பியோடு கிளம்பினேன். அதிலும் முதல்நாளே சொதப்பினேன், கேட்டால் சிரிப்பாய், சிரிக்காதே. இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த வதனா கதவைத் திறந்ததும் பழக்கதோசத்தில், பிள்ளை ஊரிலை எவடம் என்று கேட்டுவிட்டேன். அவள் வன்னிப் பிள்ளை, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறாள். முகம் இறுகிப்போய், அன்ரி, சுவரைப் பாக்க வந்தனீங்களோ, நாங்கள் எந்த ஆக்களெண்டு பாக்க வந்தனீங்களோ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் கேட்டது சரி, அந்தக் கேள்விக்குப் பின்னால் யாழ்ப்பாணத்தார் சாதியைத்தான் தேடுகிறோம் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன், கொப்பியை அவள் கையில் கொடுத்து, நீயே கேள்வியை எழுது என்றேன். ஊரும் வேண்டாம் பெயரும் வேண்டாம், கதவு இலக்கம் மட்டும் போதும், வாயால் கேட்டால் எங்கடை சனம் நல்லாயிருக்கிறம் எண்டுதான் சொல்லும், நாளாந்தம் தாங்களே பார்த்து எழுதட்டும் என்றாள். எதில் எழுதுவது என்றபோது என் குசினியில் தொங்கின ரூ காய் தெருத் தமிழ்ப் பலசரக்குக் கடைக் கலண்டரைக் காட்டினாள். அது இல்லாத தமிழ் வீடு இங்கே ஏது? காலையில் தாளைக் கிழிக்கும்போது, சுவரில் கடுதாசித் துடைப்பானை ஒற்றிப் பார்த்து, ஈரமா காய்ந்ததா, நேற்று ஆவியில் அவித்ததா இல்லையா என்று தாளின் பின்பக்கம் எழுதவேண்டும், அவ்வளவுதான். உன் லாபிலும் ஒற்றிப் பார்த்து எழுதுவதுதானே வேலை, உங்களுக்கு வெள்ளை அங்கி, எங்களுக்குச் சட்டைக்கு மேல் ஸ்வெற்றர்.

இருபத்தாறு வீடு, அறுபது நாள். மூன்று வீட்டுக்காரர் பயத்தில் இடையில் விட்டுவிட்டார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. தில்லைநாயகியக்கா வீடு வீதிப்பக்கம், ஓடருக்கு இடியப்பம் அவிக்கிறா, விடிந்தால் மத்தியானம்வரை ஆவிதான், அவவின் சுவரில் ஒற்றிய கடுதாசி ஒருநாளும் நனையவில்லை. மெசியு எமிலின் வீடு பின்முற்றப் பக்கம், அவர் பாணும் சீஸும் தகரத்து மீனும் தின்கிற தனி ஆள், அடுப்பு மூட்டியே வருடக்கணக்கு, அவர் சுவர் அறுபது நாளும் ஈரம். முற்றப்பக்கத்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் போனதால் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள்ளும், திறப்பு வாங்கித் தினமும் போய்ப் பார்த்தோம், அதுவும் ஈரம், பூட்டின வீட்டில் பேயா புட்டு அவித்தது? வதனா தாள்களைத் தரையில் பரப்பிக் கதவு இலக்கப்படி அடுக்கினாள், அவித்த வீடு அவிக்காத வீடு என்ற பேதமே இல்லை, முற்றப்பக்கச் சுவருக்குள் இறங்குகிற பழைய குழாய்க்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகள் மேலிருந்து கீழ்வரை ஈரம். பெண்களுக்கு வேலையில்லை என்று பகிடி பண்ணிய உன் அப்பாவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப ஒருதரம் பார்த்தார்.

பிள்ளை, நான் அன்று இரவு படுக்கையில் அழுதேன். உனக்கு ஏழு வயதில் ஆஸ்துமா முட்டு இழுக்கத் தொடங்கியபோது, கட்டடத்தின் அப்போதைய மேற்பார்வையாளர் வந்து புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைத்தானே விரல் நீட்டிக் காட்டினார். அதை நம்பி மாரிக்குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து உன்னை நடுங்க வைத்தேன், நீ புட்டுக் கேட்டு அழுதபோதும் அவிக்காமல் பாணைத் தந்தேன். என் கைச்சமையல்தான் என் பிள்ளையின் நெஞ்சை அடைக்கிறது என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது வதனாவின் மகனும் இரண்டு மாடி கீழே உன்னுடையதைப் போன்ற அதே முற்றப்பக்க அறையில் படுத்து அதே மாதிரி இருமுகிறான். நான் கூசேன்வில்லுக்குப் போனால் அந்தப் பழி அவள் பானையில் ஏறும், ஆகவே நான் எங்கேயும் போகவில்லை.

தாள்களின் பிரதியை மெசியு எமில் பிரெஞ்சில் எழுதித் தர நகரசபைச் சுகாதாரப் பகுதிக்குக் கொடுத்தோம், இருபத்தேழாம் திகதி வியாழன் இரண்டு மணிக்குச் சுவரைப் பார்க்க வருகிறார்கள், கொம்பனிக்காரரும் வருகிறார்களாம். பக்கத்துக் கட்டடத்து மாலி நாட்டுப் பெண்களும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு வந்து கலண்டர் வாங்கிப் போனார்கள். வியாழன் இரண்டு மணி ராகுகாலம் அல்லவா என்று மெசியு எமிலே கலண்டரைப் பார்த்துக் கேட்கிறார், அப்பாவும் நேரத்தை மாற்றச் சொல்லிக் கரைச்சல். வரட்டும், ராகுகாலம் கொம்பனிக்கும்தான்.

முன்பு பெயர் வேண்டாம் என்ற சனம் இப்போது பெயர் போடுகிறது, நகரசபைக்குப் போகும் கடதாசியில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது வதனா. அதோடு வீட்டுக்கு ஒரு நோய்விபரத் தாளும் வைக்கிறோம், எங்கள் வீட்டுத் தாளில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது, அந்த அறையில் படுத்த பிள்ளைக்கு எந்த வருடம் முட்டுத் தொடங்கியது, எத்தனைதரம் ஆஸ்பத்திரிக்குப் போனது என்பது. எனக்குத் தெரியும், ஆனால் நான் நிரப்பமாட்டேன், அது உன் நெஞ்சு. இதோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன், நிரப்பி, உன் முழுப்பெயரைப் போட்டு, இருபத்தைந்துக்கு முன் கிடைக்கும்படி அனுப்பு.

பிள்ளையார் துணையிருக்க நீயும் குடும்பமும் நீடூழி வாழவேண்டும், மருந்துப் பம்பைக் கைப்பையில் மறக்காமல் வைத்திரு. வியாழன் இரண்டு மணிக்கு அவர்கள் என் கதவைத் தட்டும்போது ஜன்னலைச் சாத்தி வைத்து நான் புட்டு அவித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
திலகம் அரியரத்தினம்
நான்காம் மாடி, முற்றப்பக்கம்