பாதி அட்டை மாத்திரை

சுல்தான்பேட்டை,
வில்லியனூர்.
நவம்பர் 9

ரிஃபாத் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதவில்லை.

குடும்பக் குழுவில் போட்டால் கட்டைவிரல் ஒன்றை அனுப்புவாய். குரல் செய்திகளை நீ கேட்பதில்லை. அதனால் தாள். ஸ்வீடன் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும் என்றாள் தபால் நிலையத்து மகாலட்சுமி. ஆகட்டும். பிரித்தாவது பார்ப்பாய்.

நோபல் அறிவித்த வாரம் நீ அனுப்பிய வீடியோ வந்தது. உடலை உடலே தாக்காமல் காக்கும் செல்கள். அம்மா அழகாக இருக்கிறது என்றாள். அத்தா மூன்று முறை பார்த்தார். எங்காவது ஓரத்தில் நீ தெரிகிறாயா என்று தேடினார்.

ஜனவரியில் வந்தபோது பள்ளிக்கூடத்தில் பேசினாய். சால்வை, மைக். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரமோ கவலையோ காரணமில்லை, ஒரு கிருமிதான் என்றாய். அதை நிரூபிக்க ஒரு மருத்துவர் அந்தக் கிருமியையே குடித்தார், பிறகு நோபல் வாங்கினார் என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் அத்தாவும். அப்போது அவர் வாயில் ரோஸ் நிற மாத்திரை ஊறிக்கொண்டிருந்தது. இருபது வருட வயிற்றெரிச்சல். பத்தடி தூரம். அவரைப் பார்த்துச் சிரித்தாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலாம் நாள் விமானம்.

ஆராய்ச்சியாளன்.

ஜூலையில் நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். நீ மேடையில் சொன்ன அதே கிருமி. பதினாலு நாள் மருந்து, ஒரு வேளையும் விடக்கூடாது என்றார்கள். ஆறாம் நாள் வலி போயிற்று. அன்றைக்குத் தங்கவேல் மாமா, மங்கலத்தில் கரும்பு போடுகிறாரே அவர்தான், மகளின் வளைகாப்புக்கு அண்டா வாடகைக்கு எடுக்க நம் கடைக்கு வந்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நம் அத்தாவை உனக்குத் தெரியும். அண்டா எடுத்தால் கரண்டி சும்மா கொடுப்பவர். "எனக்கு வலி பூடுச்சிடா, இந்தா, நீ போடு. வச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்" என்று மிச்சத்தில் பாதியை அண்டாவுக்குள் போட்டு அனுப்பிவிட்டார். மாமா பதிலுக்கு ஒரு கட்டு கரும்பு அனுப்பினார். நாங்களும் தின்றோம்.

பத்தாம் நாளே அட்டைகள் காலி. நான் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல். எண்ணிப் பார்க்கவில்லை. நீயும் நானும் ஒரே ரகம்தான்.

போன வாரம் மறுபடி குழாய். கிருமி அப்படியே இருக்கிறது. பழைய மருந்துக்குப் பழகிப்போயிருக்கலாம், வேறு மருந்து வேண்டும் என்றார் டாக்டர். கிள்ளி எடுத்த சதையில் மாற்றம் தெரிகிறதாம். இப்போது ஒழித்தால் நிற்க வாய்ப்பு உண்டு. விட்டால் புற்றாகலாம். அத்தாவின் முன்னால்தான் சொன்னார்.

புது மருந்து அலமாரியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. "குடுத்தத ஒழுங்கா போடாதவனுக்கு மறுபடியும் எதுக்கும்மா? வுட்டுடு" என்கிறார். கெஞ்சினேன். கத்தினேன். அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. அத்தா அசையவில்லை. தங்கவேல் மாமா வந்து, "பாய், நான் கெட்டதும் இல்லாம உன்னயும் கெடுத்துட்டேனேப்பா" என்று அழுதார். அவருக்கும் பரிசோதனைக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுதான் காரணம் தெரிந்தது. "ரிஃபாத்துக்கு மட்டும் எழுதிடாத. அப்பன் மாத்திரய பங்கு போட்டான்னு தெரிஞ்சா சிரிப்பான்" என்றார். தலையாட்டினேன். இதோ எழுதிவிட்டேன்.

உன் சிரிப்புக்குப் பயந்து சாகத் தயாராக இருக்கிறார். இதற்குப் பரிசு எதுவும் தரமாட்டார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் ஆள் இருக்காது. அப்போது கூப்பிடு. அந்த மருத்துவரின் கதை வேண்டாம். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்காதே. பங்கு போட்டது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. வயிறு எப்படி இருக்கிறது, அத்தா? அதை மட்டும் கேள். இருபது வருடமாகப் பதில் வைத்திருக்கிறார். சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதே. பிறகு, மருந்தைப் பிரிக்கச் சொல்.

நுண்ணோக்கியின் கண்ணாடிச் சில்லில் வைக்கப்படாததையும் பார்க்கும் கண்ணை அல்லாஹ் உனக்குத் தரட்டும்.

தங்கை,
ரூபினா