ஜேர்மனி ரோபோவின் கீழ்ப்பாதி

14 மார்கழி 1988, புதன்

ஜேர்மனியிலிருந்து மாமா தன் மகன் ரமணனுக்கு ரோபோ அனுப்பியிருக்கிறார். எனக்கு வாசனைச் சவர்க்காரம். அதை வைத்து என்ன விளையாடுவது?

அவன் வீட்டுக்குப் போனபோது எரிச்சலில் ரோபோவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இரண்டாகிவிட்டது. உடைத்துவிட்டேன் என்று பயந்து அழுதேன்.

ரமணன் சிரித்தான். “விசரி, அது அப்பிடித்தான் கழலும். மேல்பாதி பிளேன், கீழ்ப்பாதி ஜீப்.”

மாமிக்கு என்மேல் இரக்கம். “ஒண்டை உவளிட்டைக் குடன். ரெண்டு பேரும் விளையாடலாம்தானே?” என்றார்.

அவன் முகம் கறுத்தது. ஜீப்பை வாங்கி வந்துவிட்டேன்.

“அரைவாசியை வைச்சு என்ன செய்யப்போறாய்? நாளைக்குக் கொண்டுபோய்க் குடு,” என்று அம்மா ஏசினார்.

கொடுக்க மாட்டேன். ஜீப் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. நான் அதை உருட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரோபோவின் கால்கள் இதில்தான் இருக்கின்றன. இன்றைக்கு அவனிடமும் ரோபோ இல்லை.