லண்டனுக்குப் போகாத சுறா

பழவேற்காடு,
1897, தை மாதம்

என் அருமைத் தோழி,

தாமதமாகப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஏரிக்குள் சுறா வரும் என்பதை மீனைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று லண்டன் பேராசிரியர் உனக்கு எழுதியிருந்தாரே, மீன் கிடைத்தது. முழங்கை நீளச் சுறாக்குட்டி. கெடாமல் ஊறப்போடச் சாராயம் வரும்வரை உப்புநீர்ச் சட்டியில் வைத்திருந்தேன்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறகு எழுதுகிறேன்.

நேற்று மீன்கார இருசம்மாள் சூடாக மீன்புட்டு கொண்டுவந்தாள். பூண்டு வாசம் ஆளைத் தூக்கியது. தட்டைக் காலி செய்த பிறகுதான் என்ன மீன் என்று கேட்டேன்.

"சட்டியில வச்சிருந்தியே, அந்தச் சுறாதாம்மா! புள்ள பெத்தவளுக்குப் பால் ஊற அதத்தானே ஆக்கித் தருவோம்? உனக்கு ஆக்கத் தெரியலைன்னு நானே பண்ணிட்டேன்."

"ஐயோ, அது லண்டனுக்குப் போகவேண்டியது!"

"லண்டன்ல எவளுக்கு இன்னா கொறச்சல்? இங்க உன் புள்ள பாலுக்கு அழுது கெடக்குது!"

இத்தனை நாள் உனக்கு எழுதாமல் தவிர்த்ததும் எனக்குப் பால் ஊறாத இந்தக் கதையைத்தான்.

தலையைப் புட்டில் சேர்ப்பதில்லையாம். பூனை இழுத்துப்போகுமுன் மீட்டுவிட்டேன். பல்வரிசை முழுசாக இருக்கிறது, சாராயச் சீசாவில் அனுப்புகிறேன். உடல் எங்கே என்று பேராசிரியர் கேட்டால், ஆராய்ச்சி செய்தவளே தின்றுவிட்டாள் என்று எழுது.

இந்தக் காகிதத்தின் மூலையில் இருக்கும் கறை மையல்ல. சின்னவன் இன்றுதான் வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கக்கினான். துடைக்க மனம் வரவில்லை.

ஏரிக்கரையிலிருந்து,
உன் பழைய பெஞ்சுத் தோழி