பின் பெஞ்சில் பார்த்தது

அக்கா,

இன்று காலை ஆறாம் வகுப்பில் வடிகட்டும் முறைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து தைல வாசனை வந்தது. ஏதோ ஒரு குழந்தைக்குச் சளி. நெற்றியிலும் மூக்கிலும் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது புரிவதற்குள் என் உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. கரும்பலகையை மறைக்காமல் ஓரமாக ஒதுங்கினேன். குரலைத் தணித்தேன். இவ்வளவும் செய்த பிறகுதான் கோபம் வந்தது. செத்துப்போன பிறகும் என் வகுப்பில் பின் பெஞ்சில் வந்து உட்கார உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

எல்லோருக்கும் நீங்கள் முதலில் கணக்கு மிஸ், பிறகு எச்.எம். மேடம். எனக்கு மட்டும் அக்கா. ஒற்றைத் தலைவலிக்காகக் கைப்பையில் எப்போதும் அந்தத் தைலப் புட்டி இருக்கும். வராந்தாவில் நீங்கள் வருவதற்கு முன்னால் வாசனை வரும். பிள்ளைகள் உடனே சட்டையை உள்ளே செருகிக்கொள்வார்கள்.

தானே புயலில் நம் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் மரங்களெல்லாம் சாய்ந்து, ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர் இருட்டில் கிடந்ததே, அதற்குப் பிறகு பள்ளி திறந்தபோது நம் மாடி வகுப்பறைகளில் பாதிக்குக் கதவே இல்லை. காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. நம்முடையது ஒரு சின்ன அறக்கட்டளை நடத்திய பள்ளி. நிர்வாகம் முதலில் கூரையைப் பார்த்தது, அப்புறம் சுற்றுச்சுவரைப் பார்த்தது. கதவுகள் முழுப் பரீட்சை வரைக்கும் வரவில்லை. பக்கத்து அறையில் நீங்கள் கணக்கு நடத்துவது எனக்குக் கேட்கும். என் வேதியியல் உங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் உங்களுக்கு ஓய்வு பீரியட். என் அனுமதியைக் கேட்காமல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களைத் தள்ளி உட்காரச் சொல்லி உட்கார்ந்துகொண்டீர்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மணி அடித்ததும் என்னோடு படியிறங்கி வந்து, டீ கையில் கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். உங்கள் சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்துப் பேச்சு உங்களுக்கு அப்படிப்பட்ட நேரங்களில்தான் வரும்.

"எல்லாம் தலைய ஆட்டிக்கினு ஒக்காந்துகினு இருக்குதுங்கம்மா. கடைசி ரெண்டு வரிசையில ஒண்ணுத்துக்கும் புரியல. நீ போர்ட மறைச்சிக்கினு நிக்கிற."

அப்போதே பத்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் பாடக்குறிப்பில் சிவப்பு மையால் டிக் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் நான் உங்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் முன் வரிசையில் கை தூக்குகிற அந்த மூன்று பெண்களுக்கு மட்டுமே பாடம் நடத்துகிறீர்கள் என்று சொன்னேன். உங்கள் முகம் சுருங்கியது. பிறகு சிரித்துவிட்டீர்கள்.

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. கதவுகள் வந்த பிறகும் அவற்றைத் திறந்தே வைக்க வேண்டும் என்றீர்கள். ஓய்வு பீரியட் இருப்பவர் யார் வகுப்பிலும் போய் உட்காரலாம். பார்த்ததைப் பாடம் நடத்தினவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது, அலுவலகத்துக்குப் போகக் கூடாது, ஸ்டாஃப் ரூமில் சிரிக்கக் கூடாது. "பின் பெஞ்சுல பாத்தது பின் பெஞ்சோட" என்று நீங்கள் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தமிழாசிரியர் மட்டும் மூன்று மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே வந்து தன் வகுப்புக்கு என்னை அழைத்தார். நான் பார்த்த நல்ல பள்ளிக்கூடம் அந்த இரண்டு மூன்று வருடத்துப் பள்ளிக்கூடம்தான். சுற்றறிக்கையும் பயிற்சி முகாமும் செய்யாததை ஒரு கடைசி பெஞ்ச் செய்தது. ஆசிரியர்கள் பின்னால் வந்து உட்கார்ந்து பாடம் கேட்பதைப் பார்த்து, பையன்களின் அட்டகாசம்கூடக் கொஞ்சம் அடங்கியது.

அந்த நாட்களில்தான் எனக்கு அது நடந்தது. கரு கலைந்து, லீவு தீர்ந்து, உடம்பு தேறாமல் வேலைக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு வெளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். சாக்பீஸ் பலகையில் இருக்கிறது, கை நகரவில்லை. முதலில் அமைதி, அப்புறம் கிசுகிசுப்பு, அப்புறம் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். என் விரல்களிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "இது எங்க கணக்குதான்டா, இந்தப் பக்கம் எத்தன, அந்தப் பக்கம் எத்தன, எண்ணிச் சொல்லுங்க" என்றீர்கள். வகுப்பு எண்ண ஆரம்பித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் தைலப் புட்டியைத் திறந்து என் நெற்றியில் தேய்த்துவிட்டீர்கள். அன்று உங்கள்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவில்லை. அதனால்தான் மற்றது இவ்வளவு வலித்தது.

நீங்கள் எச்.எம். ஆனபோது நம் ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தது நான். இனி பள்ளிக்கூடம் உருப்படும் என்று வாய் ஓயாமல் சொன்னதும் நான்தான். உண்மையைச் சொன்னால், உருப்படவும் செய்தது. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வந்தது, லேபுக்குத் தண்ணீர் வந்தது, காலை ஷிப்ட் சங்கு ஊதின பிறகும் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்த ஆசிரியர்கள் பிரேயருக்கு முன்னால் வர ஆரம்பித்தார்கள். நீங்கள் மோசமான எச்.எம். இல்லை. அப்படி இருந்திருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சக்திவேல் விஷயம் நீங்கள் எச்.எம். ஆன இரண்டாம் வருடம். என் பிளஸ் டூ வகுப்புப் பையன். கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போய், அப்பா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கான பையன் என்று சொல்ல மாட்டேன். லேட்டாக வருவான், வாய் அதிகம். அதே வகுப்பில் இன்னொருவன், குவார்ட்டர்ஸ் பையன், அவன் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அந்தக் குவார்ட்டர்ஸ் பையன் சக்திவேலிடம், "நெலத்தையும் குடுத்துட்டு எங்கப்பாவுக்கு டீ வாங்கினு வர்றாரு உங்கப்பா" என்றிருக்கிறான். சக்திவேல் அடித்துவிட்டான். முன்பல் ஒன்று உடைந்தது. பல் உடைந்தவனின் அப்பா, நம் பள்ளியை நிர்வகித்த தாளாளருக்கு வேண்டியவர். சக்திவேலுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்றார்.

பிளஸ் டூவுக்கு நடுவில் டி.சி. கொடுத்தால் எந்தப் பள்ளியும் சேர்க்காது, அவன் படிப்பு அதோடு போச்சு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தின நாள் உங்கள் அறையில் உட்கார்ந்து நாம் பேசினோம். இரண்டு பேரையும் ஒரு வாரம் நிறுத்தலாம், திரும்பி வந்ததும் என் கண் முன்னால் முதல் பெஞ்சில் சேர்த்து உட்கார வைக்கிறேன், பரீட்சை வரைக்கும் அவனுக்கு நான் பொறுப்பு என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் நம்பினேன். எத்தனை தலையாட்டலைப் பின் பெஞ்சிலிருந்து பார்த்தவள் நான், அக்கா. உங்களுடையதை மட்டும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் தாளாளர் அறையில், அவரும் நிர்வாகக் குழுவினர் மூன்று பேரும் இருக்க, அதையே சொன்னேன். அவர் முரட்டு மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "கிளாஸ் டீச்சரே பொறுப்பு எடுத்துக்கறேன்றாங்களே" என்று சொல்லி உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் ஒரு "ஆமாம்" சொன்னால் போதும். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, மேல்பட்டாம்பாக்கம் வாசமே இல்லாத ஒரு தமிழில் பேசினீர்கள்.

"மேடத்துக்கு வகுப்பைக் கட்டுப்படுத்துவது கொஞ்சம் சிரமம் சார். முன்பு ஒருமுறை நானே எழுந்து போய் வகுப்பை எடுக்க வேண்டி வந்தது. இந்தப் பொறுப்பை அவங்க மேல சுமத்துவது சரியாக இருக்காது."

அந்த அறையில் என் கரு கலைந்த சங்கதியைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்று என்னையும் உங்களையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மறுத்துப் பேச வேண்டுமென்றால் அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான்கு ஆண்களுக்கு முன்னால். நான் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அன்று மாலை சக்திவேலின் அப்பா வேலை உடுப்போடு வந்து, டி.சி.யை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஜூனில் எனக்கு ஆறாம் வகுப்பு கொடுத்தீர்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் உங்களை நிறுத்திக் கேட்டேன். "ஏங்க்கா சொன்னீங்க?"

"உன்ன காப்பாத்தத்தாம்மா. நாளைக்கி அவன் திரும்ப எவனயாவது அடிச்சா உன் தலையிலதான வந்து வுழும்?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

நீங்கள் கைப்பையைத் திறந்து தைலப் புட்டியை எடுத்தீர்கள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்கும் நீங்கள் மேடம்.

தாளாளர் அறையில் பேசினது யார் மூலமாகவோ ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டது. காரணம் ஒருவருக்கும் தெரியாது. பின் பெஞ்சில் பார்த்ததை எச்.எம். மேலே சொல்லிவிட்டார் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்? முதலில் கதவைச் சாத்தினவர் தமிழாசிரியர். அந்த வாரம் முடிவதற்குள் மாடி வராந்தா முழுக்கக் கதவு சாத்திவிட்டது. சித்திரை வெயில் வந்த பிறகும், வியர்த்துக் கொட்ட, உள்ளே பாடம் நடந்தது. நீங்கள் அந்த வராந்தாவில் தினமும் நடந்தீர்கள். ஒரு கதவையும் திறக்கச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் திறந்திருப்பார்கள்?

ரிட்டயராகி ஒரு வருடத்துக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்றார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தேன், மாலை போட்டேன், உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை என்று அழுதாள். நான் தலையாட்டினேன்.

சக்திவேலை அவ்வப்போது பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிறேன். அந்த வருடம் எங்கேயும் சேரவில்லை. அப்புறம் படிப்பே விட்டுப்போயிற்று. அப்பாவைப் போலக் கான்ட்ராக்ட்தான். "வணக்கம் மிஸ்" என்பான். சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்வான்.

இன்று தைல வாசனையோடு நின்றிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். மதியம் இன்னொன்று நடந்தது. என்னிடமிருந்து எடுத்த பிளஸ் டூ வேதியியலுக்கு இந்த வருடம் ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், விருத்தாசலத்துக்காரி. யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. என் வகுப்புக்கு வந்து பின்னால உக்காந்து பாக்கறீங்களா மேடம் என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் போனேன். பாடம் பாதியில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பையன்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கிப் பாதியில் நின்றதை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீங்கள் செய்ததைப் போலவேதான். வேறு மாதிரி எனக்குச் செய்யத் தெரியாது.

வெளியே வந்தால் வராந்தாவில் இப்போதைய எச்.எம். நிற்கிறார். சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு கிளாஸ் கன்ட்ரோல் எப்படி மேடம்? மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க" என்றார்.

"நல்லா வந்துடுவாங்க சார். நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மேடம்." கைபேசியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அவ்வளவுதான் அக்கா. என் குரல் நடுங்கவில்லை, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருடமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அன்று எனக்காக ஒரு வார்த்தை பேச உங்களுக்குப் பெரிய தைரியம் வேண்டியிருந்திருக்கும், பாவம், அது உங்களிடம் இல்லாமல் போயிற்று என்று நினைத்து உங்களைக் கொஞ்சம் மன்னித்து வைத்திருந்தேன். இன்று அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. அது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நாளை மூன்றாம் பீரியட் எனக்கு ஓய்வு. மறுபடியும் அவள் வகுப்பில் போய் உட்காரப் போகிறேன். கரும்பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அதைச் சொல்ல வேண்டும், அவளிடம் மட்டும்.