படத்திலிருந்து வெட்டிய கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம், மனசளவில் நான் சுகமில்லை, அதை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மையத்தின் புதுக் கட்டிடத்தை வெப்சைட்டில் பார்த்தேன், வாசல் சுவர் முழுக்கத் தம்பி சிரிக்கிறான், பெருமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உன் மேல் இல்லை, நடந்ததை உனக்கு யார் சொன்னார்கள்? சுவரில் சிரிக்கிற உன் தம்பி துரைக்கு அந்தக் கட்டிடத்துக்குள் இடமில்லை என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சி மையம் எங்கே தொடங்கியது? நம் கூடத்தில்தானே, உன் படிப்பு மேசையை வெளியே தள்ளிவிட்டு. நான், தையல்கார அக்கா, பஸ் டிரைவரின் மனைவி, எங்கள் மூவருக்கும் கை கால் தன் சொல் கேட்காத பிள்ளை ஆளுக்கொன்று. யாரும் தன் பிள்ளைக்குத் தானே ஊட்டக்கூடாது என்று அன்றைக்கே ஏற்பாடு செய்துகொண்டோம். பெற்றவள் ஊட்டினால் துப்புவதும் அடம் பிடிப்பதும், அடுத்தவள் ஊட்டினால் சமர்த்தாக விழுங்குவதும் மூன்றுக்கும் பொதுவான குணம். அதோடு நாளைக்கு நாம் படுத்துவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது பார். துரைக்குத் தையல்கார அக்காதான். ஒரு வாய் ஊட்டிவிட்டு அவன் விழுங்கும் வரை காத்திருப்பாள், அதற்குள் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றை ஆரம்பித்து முடித்துவிடுவாள், இவன் சோற்றுக்கு வாய் திறப்பானோ கதைக்குத் திறப்பானோ, சிரிப்பான்.

பிறகு வாடகை வீடு வந்தது, வேன் வந்தது, படித்த ஆட்கள் வந்தார்கள், இப்போது லிஃப்ட் வைத்த மூன்று மாடி. வளரட்டும், நான் வேண்டாம் என்றேனா? டிரைவர் மகன் அங்கேதான் தானே சாப்பிடக் கற்றுக்கொண்டான், இன்று கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான், எனக்கு அதில் மனசு நிறைந்த சந்தோஷம். ஆனால் புதிதாக வந்திருக்கிற நிர்வாகி என்னைக் கூப்பிட்டு ஏசி அறையில் உட்கார வைத்து, தானே சாப்பிடத் தெரிஞ்சவங்களுக்குத்தாம்மா இனி இங்க இடம், ஒருத்தருக்கு ஊட்ட ஒரு ஆளை நிறுத்தினா பயிற்சி எப்படி நடக்கும், உங்க பையனுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புறோம், மாசம் ஒரு தடவை என்கிறார். மாசம் ஒரு தடவை வந்து ஊட்டுவாங்களா என்று கேட்டேன். இல்லம்மா, பாத்துட்டுப் போவாங்க என்கிறார். பார்த்துவிட்டுப் போக அவன் என்ன கண்காட்சியா? இதற்குப் பெயர் அடுத்த கட்ட வளர்ச்சியாம்.

வெளியே வந்தால் வாசலில் அந்தப் படம், போன தடவை வந்தபோது நீ எடுத்தது. துரை வாய் நிறையச் சிரிக்கிறான், பக்கத்தில் ஒன்றுமில்லை. நீ எடுத்ததில் ஒரு கரண்டி இருந்ததே, கரண்டியைப் பிடித்த கை இருந்ததே, துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸ் நகத்தில் ஒட்டிய கை? வெட்டிவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் ‘நானே செய்வேன்’ என்று போட்டிருக்கிறார்கள். அவன் ஒருநாளும் தானாக ஒரு வாய் எடுத்துப் போட்டதில்லை, அது அவன் குற்றமா? ஊட்டினால் சாப்பிடுகிறான், சிரிக்கிறான், இன்னும் என்ன செய்து காட்டினால் உள்ளே விடுவார்கள்?

அப்பா வழக்கம் போல, விடு, பெரிய இடத்தோட நமக்கு எதுக்கு வம்பு என்கிறார். பெரிய இடமா? என் கூடத்தில் தவழ்ந்த இடம் அது! துரையோ வேன் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்த்துக் கத்துகிறான், நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்புகிறான், சட்டை தோளில் தொங்குகிறது. பயந்துபோய் நேற்று தையல்கார அக்காவிடம் ஓடினேன். அவள் மகளையும் அனுப்பிவிட்டார்களாம், நான் வருத்தப்படுவேன் என்று அவள் வாயே திறக்கவில்லை, நானும் அவளிடம் சொல்லாமல் இருந்தேன், இரண்டு பேரும் நல்ல ஜோடி. மெஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிட்டு வர்றேன், நட என்றாள். வந்து உட்கார்ந்து கதையை ஆரம்பித்தாள், துரை வாயைத் திறந்தான். தட்டு காலி. நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமையிலிருந்து நம் கூடம் மறுபடியும் திறக்கிறது. டிரைவர் மனைவியும் வருகிறாள், மகன் வேலைக்குப் போனப்புறம் என் கை சும்மாதானே இருக்கு என்கிறாள். நீ லீவில் வந்தால் மேசை எங்கே, கட்டில் எங்கே என்று கேட்கக்கூடாது.

திறப்பு விழாவில் நீ வீடியோவில் பேச வேண்டும் என்று அவர்கள் கேட்டதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் பேசு, பேசுவதற்கு முன்னால் உன் போனில் இருக்கிற முழுப் படத்தை எல்லோருக்கும் காட்டு. அந்தக் கை யாருடையது என்று சொல். அந்தக் கை இல்லாமல் அந்தச் சிரிப்பு இல்லை என்று சொல்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பல்வலியைத் தள்ளிப் போடாதே, டாக்டரிடம் போ. முழுப் படத்தில் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு, கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையும் துரையையும் பெற்றவள், அவனுக்கு ஊட்ட மட்டும் லாயக்கில்லாதவள்,
அம்மா